மூழ்கிப்போன கப்பல் கேக்

என் தவறுக்கு மனைவி ஸ்டெல்லாவைப் பலர் முன்னால் திட்டியவன் நான்.

ராயபுரத்தில் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தேன். மகள் தன் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கப்பல் கேக் கேட்டாள். வீடெங்கும் காகிதக் கொடி கட்டினேன். ஸ்டெல்லா சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் வைத்து கேக்கை வேகவைத்தாள்.

"இன்னாங்க, மூடிய தொறக்காதீங்க. எத்தினி வாட்டி சொல்றது?"

அவள் குழந்தைக்குத் தலைவாரப் போனதும் திறந்து திறந்து பார்த்தேன். கேக் நடுவில் அமுங்கிவிட்டது.

"கப்பல் முழுகிப்பூச்சும்மா," என்றாள் மகள். உறவினர்கள் சிரித்தார்கள்.

"உனக்கு எதுதான் ஒழுங்கா வரும்?" என்று ஸ்டெல்லா மீது எரிந்து விழுந்தேன்.

மறுவருடம் அவள் மாவைத் தொடவே மறுத்தாள். அதே உறவினர்களைக் கூட்டி, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். சட்டையெல்லாம் சாம்பல் ஒட்டிகினு இருந்திச்சே," என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் கேக் செய்தாள். இன்றுவரை, கேக் வேகும்போது என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறாள். நானும் என்ன வாங்குவது என்றுகூடக் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.