ராசாவின் படையில் ஒரு மன்னார்க்காரர்

கிரவீனில் அண்ணையின் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் முதலில் மாதா படம். அதற்குப் பக்கத்தில் அண்ணையின் கலியாணப் படம். அதற்கும் பக்கத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட பழைய இங்கிலாந்துப் படைவீரன் ஒருவன். நெஞ்சில் வெள்ளைப் பட்டிகள் குறுக்காகப் போகின்றன, மூன்று மூலைத் தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது, தோளில் ஒரு நீளத் துவக்கு. முகம் மட்டும் அசல் மன்னார். புதிதாக வருகிறவர்கள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அண்ணை வாய் திறக்கமாட்டார். விளக்கம் சொல்வது எப்போதும் என் வேலைதான்.

அவர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. செவன் ஹில்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஸ்டோரில் வேலை செய்தோம். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்துவிட்டு வந்த நான் பெட்டி அடுக்கினேன். இந்த வெள்ளைக்கார நாட்டுக்குப் படகில் தஞ்சம் கேட்டு வந்தவர் அவர். கையில் தற்காலிக விசா, ஊரில் மனைவியும் மகளும். மகள் தவழ்கிற வயதில் புறப்பட்டவர், அவள் பல் விழுந்து முளைத்ததையெல்லாம் போனில்தான் பார்த்தார். நிரந்தர விசா கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை தன் பெயரில் ஒரு சின்னக் கீறலும் விழக்கூடாது என்று வாழ்ந்தார். ஒரு வாகனமும் இல்லாத ரோட்டில்கூடச் சிக்னலில் பச்சை மனிதன் எரியும்வரை நிற்பார். நான் நடு ரோட்டில் நின்று, "அண்ணை, உங்களைக் கமெராவிலை பாத்துக் கொண்டிருக்கினம்" என்று கத்துவேன். அவர் உண்மையிலேயே அண்ணாந்து பார்ப்பார்.

ஸ்டோரில் எங்களை வேலை வாங்குகிற போர்மனுக்கு ஒரு விசர் இருந்தது. பழைய சண்டைகளை உடுப்புப் போட்டு நடித்துக்காட்டுகிற கூட்டமொன்றில் அவர் தலைவர். அந்த முறை அவர்கள் எடுத்தது அமெரிக்காவின் விடுதலைச் சண்டை. இங்கிலாந்து ராசாவின் கீழிருந்த குடியேற்ற நாட்டுச் சனம் தாங்களே ஒரு படை திரட்டி, உலகத்திலேயே பலமான படையொன்றோடு மோதிய கதை. சிக்கல் என்னவென்றால், வந்தவர்கள் எல்லாருக்கும் ராசாவின் சிவப்புக் கோட்டுத்தான் வேண்டுமாம். கந்தல் உடுப்போடு நிற்கிற விடுதலைப் படைக்கு ஆள் இல்லை. போர்மன் ஸ்டோருக்குள் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். புது உடுப்புத் தைக்கத் தேவையில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்திருப்பார்.

தேத்தண்ணி நேரங்களில் அவர் அந்தச் சண்டையைச் சொல்லச் சொல்ல, அண்ணை என்னை மொழிபெயர்க்க வைத்துக் கேள்வி கேட்டார். யார் வென்றது, எத்தனை பேர் செத்தது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணை கேட்டது வேறு.

"சம்பளம் ஒழுங்கா வந்ததோ எண்டு கேள்."

வரவில்லையாம். மாதக்கணக்காக வரவில்லையாம்.

"சப்பாத்து?"

பலபேர் பனியில் வெறுங்காலோடு நடந்தார்களாம்.

"பிறகும் ஏன் நிண்டவை? வீட்டை ஓடினவையை என்ன செய்தவை? அவையின்ரை பெண்சாதி பிள்ளையளுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?"

போர்மனுக்குத் துவக்கின் நீளம் தெரியும், கோட்டில் எத்தனை பொத்தான் என்று தெரியும். இதற்கெல்லாம் அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் பார்த்துவிட்டு அடுத்த நாள் சந்தோசமாக வந்து பதில் சொன்னார். அப்படி அக்கறையாகக் கேட்ட ஆள் கட்டாயம் தன் படையில் சேருவார் என்று நம்பி, ஒரு மண்ணிற மேற்சட்டையையும் மரத் துவக்கையும் நீட்டினார்.

அண்ணை இரண்டடி பின்னால் போனார். "நான் சிவப்புப் பக்கம்."

"என்ன அண்ணை, வெள்ளைக்கார ராசாவுக்கு வால் பிடிக்கிறியளோ?" என்றேன்.

"டேய், விசர்க் கதை கதையாதை. ஆரும் படம் எடுப்பினம். விடுதலைப் படையிலை துவக்கோடை நிக்கிற படமொண்டு நாளைக்கு என்ரை விசா ஃபைலைத் திறக்கிறவன்ரை கையிலை போனா, அது அமெரிக்கா எண்டு நீ வந்து சொல்லுவியோ?"

"சிவப்புக் கோட்டுக்காரனும் துவக்குத்தானே வைச்சிருக்கிறான்?"

"அவன் அரசாங்கத்தின்ரை ஆள். அது உத்தியோகம்."

நான் மொழிபெயர்த்ததும் ஸ்டோரே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துப் பார்த்தால், அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து அண்ணை சண்டை நடிக்கிற பார்க்குக்கு வந்தார். சிவப்புக் கோட்டு அவருக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. போர்மனின் மனைவி கமெராவைத் தூக்க, துவக்கைத் தோளில் வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அண்ணை வேண்டாமென்ற மண்ணிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு சண்டையில் நான் இரண்டு தரம் செத்தேன். எறும்பு கடித்ததால் ஒருதரம் எழும்பி ஓடினேன். கடைசியில் ராசாவின் படை சரணடைகிற காட்சி. எங்கள் கந்தல் படை இரண்டு வரிசையாக நிற்க, சிவப்புக் கோட்டுக்காரர் நடுவால் வந்து துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் போர்மன் சொல்லிக்கொடுத்தது. அண்ணையின் துவக்கைப் பொறுப்பெடுக்க நான் வரிசையின் முதலில் நின்றேன். "பேர், விலாசம், விசா நம்பர்?" என்று கேட்பதற்குக் காலையிலிருந்தே ஆயத்தம்.

அண்ணை வந்தார். துவக்கை மெதுவாகப் புல்லில் வைத்தார். பிறகு ஒருவரும் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். அடுத்துச் செய்ய வேண்டியது ஊரிலிருந்தே அவருக்கு நல்லாய்த் தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பெரிய மீசை வெள்ளைக்காரர், இதுதான் முறை என்று நினைத்துத் தானும் அப்படியே இருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர். கொஞ்ச நேரத்தில் ராசாவின் படை முழுக்கத் தலையில் கை வைத்துப் புல்லில் முழங்காலில் இருந்தது. சனம் கை தட்டியது. "சரித்திரத்தில் இப்படி இல்லையே" என்று போர்மன் முணுமுணுத்தார். விசா நம்பர் கேட்கிற என் பகிடி வாய்க்குள்ளேயே கரைந்துபோனது.

"டேய், துவக்கை எடன். முழங்கால் நோகுது" என்றார் அண்ணை, தலையை நிமிர்த்தாமல்.

பிறகு சொசேஜ் பாண் சாப்பிடும்போது போர்மனிடம் கடைசிக் கேள்வியைக் கேட்கச் சொன்னார். சரணடைந்தவர்களை என்ன செய்தார்கள்? கொஞ்சக் காலம் மறியலில் அடைத்து வைத்திருந்தார்களாம். சண்டை முடிய, கனபேரைக் கப்பலேற்றி அனுப்பினார்களாம். சிலபேர் போகாமல் அங்கேயே கலியாணம் கட்டி, தோட்டம் செய்து இருந்துவிட்டார்களாம்.

"தோத்தவனை இருக்க விட்டவையோ?" அண்ணை சாப்பிடுவதை நிறுத்தினார். "விசா ஆர் குடுத்தது?"

மொழிபெயர்த்தேன். போர்மன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

போகும்முன் போர்மனின் மனைவியிடம் போய்ப் படங்களைப் பார்த்தார். துவக்கோடு நின்றதைப் பார்த்துத் தலையாட்டினார். முழங்காலில் இருந்த படம் வந்ததும் என் பக்கம் திரும்பினார். "இதை மட்டும் அழிக்கச் சொல்லு." அந்த அம்மா ஏனென்று கேட்காமல் அழித்தார்.

அண்ணைக்கு நிரந்தர விசா வந்த கிழமை போர்மன் மற்றப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் இன்று மாதாவின் வரிசையில் தொங்குகிறது. போன மாதம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நான் பார்க்கப் போனபோது மகள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிடப் பெரிய பகிடிக்காரியாக வருவாள் போல ஒரு முகம். ஆனால் கேட்டது பகிடியாக இல்லை.

"அப்பா, நீங்கள் ஆமியிலை இருந்தனீங்களோ?"

குசினிக்குள் அண்ணையின் மனைவி கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது.

"ஓம் பிள்ளை. ஒரு நாள்."

"வெண்டனீங்களோ?"

"இல்லை. தோத்துப்போனம்."

"பிறகு?"

"பிறகென்ன. இருக்க விட்டிட்டாங்கள்."

அவள் படத்துக்குக் கிட்டப் போனாள். "அந்தத் துவக்கு இப்ப எங்கை?"

"இந்தா, இவனிட்டைத்தான் குடுத்தனான்."

அவள் திரும்பி, என் கிழிந்த காற்சட்டையிலிருந்து தலைமயிர்வரை அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்தாள். "அப்ப நீங்கள்தான் வெண்ட ஆக்களோ?"

சிவப்புக் கோட்டுக்காரர் சுவரிலிருந்தும் கதிரையிலிருந்தும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றேன். "அந்த ஒரு நாள் மட்டும்."