கிணறு மாதிரிதான்

சாண எரிவாயுக் கலன் கட்ட ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது என் வேலையாக இருந்த காலத்தில், எனக்கே அந்த எரிவாயுவின்மேல் பயம் உண்டு. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வேன். பெண்கள் அதைக் கவனித்துவிடக் கூடாதே என்று அந்த நேரம் பார்த்து ஏதாவது கேலி பேசுவேன். வாய் மட்டும் எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் முதல் கலனை ஒரு விவசாயக் குடும்பம் கட்டிக்கொண்டது. குழி தோண்டும்போதே அந்த வீட்டு அம்மா, "வெடிச்சிடாதுங்களா?" என்று கேட்டார்.

"இது ஒரு சின்ன கெணறு மாதிரிதாங்கம்மா. தண்ணிக்கு பதிலா சாணக் கரைசல். மேல ஒரு இரும்பு டிரம்ம கவுத்து வெச்சிக்கீது. அவ்ளோதான்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அந்தப் பேச்சு எனக்கே பிடித்துப்போய், அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிணறு என்றால் யாருக்கும் பயமில்லை.

ஒன்றரை வருடம் ஒழுங்காக எரிந்த அடுப்பு பிறகு மங்கியது. கொட்டகையில் சாணத்தை வழிக்கும்போது கூடவே வந்த மண் குழியின் அடியில் படிந்துவிட்டது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து வண்டியில் வரும் விறகுக்கே அந்த அம்மா திரும்பிவிட்டார். கலன் கட்டச் சம்மதித்திருந்த மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அந்த வாரம் பார்த்து மேலதிகாரி வேறு கலனைப் பார்க்க வருவதாக இருந்தார். தூர் வாரினால் சரியாகிவிடும், ஆளைச் சொல்லி வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. டிரம்மைக் காலையிலேயே தூக்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். மேலிருந்தே வாளி போட்டு முக்கால்வாசிக் கரைசலை இறைத்தாயிற்று. கிணறு தூர் வாரப் போகிற கூலிக்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மறுமுனையை வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் மனைவி பிடித்திருந்தார். பட்டப்பகலில் எரிகிற அரிக்கேன் விளக்கு ஒன்றை இன்னொரு கயிற்றில் கட்டிக் கூலிக்காரர் குழிக்குள் இறக்கத் தொடங்கியிருந்தார்.

பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று என்று அர்த்தம், இறங்கமாட்டார்கள். நான் சொன்னபடி பார்த்தால் அவருக்கு இதுவும் கிணறுதான். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கி, விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடி, களத்து ஓரத்தில் போட்டு மண்ணை வாரிக் கொட்டினேன். கண்ணாடி உடைந்துவிட்டது.

"இன்னா சார் இது?" என்றார் அவர்.

"உள்ள இருக்கறது கேஸுய்யா. நெருப்பு பட்டா பத்திக்கும்."

"கெணறு மாதிரிதான்னு நீங்க சொன்னதா அம்மா சொன்னாங்களே." அவர் குரலில் கோபமே இல்லை. "சரி, வெளக்கு இல்லாம உள்ள காத்து நல்லா கீதான்னு எப்பிடி பாக்கறது?"

எனக்குத் தெரியாது. பயிற்சியில் கலனைக் கட்டச் சொல்லித் தந்தார்கள். குழிக்குள் ஆள் இறங்குவது பற்றிப் பேச்சு வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் நான் தூங்கியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெயிலும், உடைந்த கண்ணாடியும், வேடிக்கை பார்த்து நின்ற ஊரும், வரப்போகிற அதிகாரியும் சேர்ந்து எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டன.

"காலையிலேர்ந்து தொறந்துதானே கெடக்குது. கேஸெல்லாம் போயிருக்கும். எறங்கலாம்" என்றேன்.

அவர் கால்களை உள்ளே தொங்கப் போட்டார். குழியிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்துகொண்டிருந்தது. யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தடுக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கயிற்றைப் பிடித்திருந்த மனைவி, "இருய்யா" என்றார். பிறகு வீட்டு அம்மாவைப் பார்த்து, "கோழி ஒன்னு குடுங்கம்மா. வெளக்குதான் வோணாம்னுட்டாரு. எதனா ஒரு உசுரு உள்ள போயிட்டு வரட்டும்" என்றார்.

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. முட்டையிடுகிற கோழி. இருந்தாலும் பிடித்துக் கொடுத்தார். கால்களைக் கட்டி, வாளியில் வைத்து இறக்கினார்கள். கொஞ்ச நேரம் இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பயத்தில் அடங்கியிருக்கும் என்று நான் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. வாளி மேலே வந்தபோது கோழியின் கழுத்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

கூலிக்காரர் கால்களை மெல்ல வெளியே எடுத்தார். மனைவி வந்து அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டார். அப்புறம் மனைவியே கோழியை வாளியிலிருந்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அடுத்த வூட்டுல போயி கெணறு மாதிரின்னு சொல்லும்போது இத்தயும் சொல்லுங்க சார்" என்று அதை என் கையில் கொடுத்தார்.

கோழியின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கோழியை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஊர் பார்க்க, அங்கேயே நின்றேன்.