கோபுரத்துக்கும் நாய்க்கும் நடுவில்

ஒரு பழைய போட்டோ எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது அப்படியென்ன பெரிய காரியம்? போன மாதம் என்னைக் கேட்டிருந்தால் நானும் அலட்சியமாகத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

என் வகுப்புத் தோழி ஜெனிக்கு விரைவில் கல்யாணம். வீடு ராஜபாளையத்தில். புடவை எடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. அவளுடைய அம்மா எஸ்தர் ஆன்ட்டிக்கு மட்டும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் போயிருந்த அன்று சுவரிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தார்.

"நீ சீவில்லிபுத்தூர்க்காரிதான? இது எந்த எடம்னு சொல்லு பாப்போம்."

படத்தில் ஓர் இளம்பெண் நிற்கிறார். வலது கை ஒரு வெள்ளை நாயின் தலைமேல் இருக்கிறது. பின்னால் ஒரு கோபுரம், ஒற்றைத் தென்னை, கோபுரத்தின் தோளருகே ஒரு துண்டு மேகம். ஃப்ரேமுக்குள் அடங்குவதற்காக யாரோ படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு, அட்டையில் ஒட்டியும் இருந்தார்கள்.

அந்தப் பெண் ஆன்ட்டியின் அம்மா. ஆன்ட்டி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டவர். வேறு படம் கிடையாது. அப்பாவிடம் கேட்டிருக்கலாமே?

"அம்மா பேச்ச எடுத்தாலே அவிய எந்திரிச்சு வெளிய போயிருவாக. பொறவு நானும் கேக்கல."

இப்போது அவரும் இல்லை.

"எங்கம்மா நின்ன எடத்துல எம்மகள நிப்பாட்டி ஒரு போட்டோ எடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னால. அம்புட்டுத்தான்" என்றார் ஆன்ட்டி.

அம்புட்டுத்தானா? நான் படத்தைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். "இதுல என்ன சந்தேகம்? நம்ம கோபுரம். வடக்கு ரத வீதியில இருந்து எடுத்தது."

எங்கள் ஊர்க்காரர்கள் கோபுரத்தைப் பார்த்தால் நிலைகளை எண்ணாமல் விடமாட்டார்கள். அது பால்யத்தில் பிடித்த பழக்கம். நான் எண்ணினேன். பதினொன்று வரவேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வந்தது.

"கீழ ரெண்டு நிலைய மரம் மறைக்குது" என்றார் அப்பா.

"மரம் ஓரத்துலதானப்பா நிக்குது?"

"அது தென்னை. நான் சொல்றது வேற மரம். அத வெட்டிட்டாங்க."

"வெட்டின மரம் எப்படி மறைக்கும்?"

"அப்ப வெட்டலம்மா!"

படத்தில் இல்லாத ஒரு மரம், படத்தில் இல்லாத இரண்டு நிலைகளை மறைத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் என் குழப்பம் முறையாகத் தொடங்குகிறது.

மறுநாள் காலை அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றி ரத வீதிகளைச் சுற்றினார். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் செல்போன் கடை, அதன்மேல் ஒரு ஜிம், அதன்மேல் செருகியதுபோல ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு முனையில் நின்றால் கோபுரம் மிகப் பெரிதாக இருந்தது. இன்னொரு முனையில் பிளெக்ஸ் பேனருக்கு மேலே நுனி மட்டும் தெரிந்தது. மூன்றாவது இடத்தில் அளவு ஏறக்குறையச் சரிதான். ஆனால் அங்கே நின்று படம் எடுத்திருக்க வேண்டுமென்றால், கேமராக்காரர் ஒரு வீட்டின் அடுப்படிக்குள் நின்றிருக்க வேண்டும். "அப்ப இந்த அடுப்படி இல்ல" என்றார் அப்பா, சற்றும் தளராமல்.

அந்த வாரக் கடைசியில் ராஜபாளையத்தில் வேறொரு தீர்ப்பு காத்திருந்தது.

ஜெனியின் பக்கத்து வீட்டுச் சுப்பராஜா மாமா நாய் வளர்ப்பவர். அவர் வீட்டுக் குட்டிகளுக்குச் சென்னையிலிருந்தெல்லாம் முன்பதிவு உண்டு. மனிதர்களை அவர் அரைக்கண்ணால்தான் பார்ப்பார். படத்தை மட்டும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கோபுரத்த விடும்மா. நாயப் பாரு. இது எங்க ஊர் நாய்."

"எப்படிச் சொல்றீங்க மாமா?"

"நெஞ்சப் பாரு. இடுப்பப் பாரு. மூக்கு ரோஸ் கலர்ல இருக்குல்ல?"

கறுப்பு வெள்ளைப் படத்தில் அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். "இந்த ஜாதி, வேத்தாள் தலையில கை வச்சா கைய எடுத்துரும். இம்புட்டு அமைதியா நிக்குதுன்னா... எஸ்தரு, இது உங்கம்மா வளத்த நாய். போட்டோ உங்கம்மா வீட்டு வாசல்ல எடுத்தது. அந்தக் கோபுரம் இங்குள்ள ஏதோ ஒரு கோயிலு."

எஸ்தர் ஆன்ட்டி படத்தைத் திரும்ப வாங்கி, நாயின் தலைமேலிருந்த அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். "எங்கம்மா நாய் வளத்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குத் தன் அம்மாவைப் பற்றித் தெரியவந்த முதல் செய்தி அது. அன்று சமைக்கும்போதும், எங்களுக்குச் சோறு போடும்போதும் அதையே சொன்னார். "நாய் வளத்துருக்கு பாரேன். எனக்கும் நாய்னா உசுரு. எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது."

எனக்குள் ஒன்பது நிலைகளும் ஒரு ரோஸ் மூக்கும் சுற்றிச் சுற்றி வந்தன.

ஜெனி படத்தை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு தோழி உடனே பதிலுக்கு ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய பெரியப்பா, பாலகனாக, ஒரு நாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதே நாய். அதே கோபுரம். சற்று நேரத்தில் வத்திராயிருப்பிலிருந்து இன்னொன்று வந்தது: புதுமணத் தம்பதி, காலடியில் அதே நாய், அதே தலைச்சாய்வு.

வெவ்வேறு ஊர், வெவ்வேறு குடும்பம், ஒரே நாய். எப்படி?

மாமாவிடம் காட்டினோம். அவர் முகம் பெருமையில் விரிந்தது. "எம்புட்டுப் பேருக்கு அசையாம நின்னு குடுத்துருக்கு பாத்தியா? அதான் எங்க ஊர் நாயோட பழக்கம்!"

"மேகமுமா மாமா?" என்றேன்.

மூன்று படங்களிலும் கோபுரத்தின் தோளருகே அதே மேகம், அதே வடிவத்தில் நின்றிருந்தது.

வத்திராயிருப்புப் படம் வெட்டப்படாதது. பெரிதாக்கிப் பார்த்தேன். நாயின் பாதங்கள் ஒரு பலகையோடு ஒட்டியிருந்தன. பின்னால் தரையும் வானமும் சேரும் இடத்தில், துணியின் சுருக்கம். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருப்பதாகத் தோழி எழுதினாள். எங்கள் ஊர், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

அந்தக் கடையை நான் தினமும் கடந்துதான் பஸ் பிடிக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், ஜெராக்ஸ். ஆன்ட்டியையும் ஜெனியையும் அழைத்துக்கொண்டு போனேன். என் அப்பா வயதுள்ள கடைக்காரர் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"எங்கப்பா வரைஞ்ச ஸ்கிரீனு. கிழிஞ்சு எப்பவோ போச்சும்மா."

கடை வாசலிலிருந்து பார்த்தால் நிஜக் கோபுரம் தெரிகிறது. அப்புறம் உள்ளே ஏன் ஒரு துணிக் கோபுரம்? கேட்டேவிட்டேன்.

"நெசக் கோபுரத்தோட ஆள நிப்பாட்டி எடுத்தா ஆளு எறும்பாட்டம் தெரிவாரு. ஆளு மொகம் தெரிய எடுத்தா கோபுரம் சிக்காது. வாரவுக ரெண்டும் வேணும்பாக. அதான் அப்பா ஆளுக்கு ஏத்த மாதிரி வரைஞ்சாரு."

"ஒன்பது நிலைதான் இருக்கு..."

"துணி அம்புட்டுத்தான் இருந்துச்சு."

நானும் ஜெனியும் சிரித்தோம். ஆன்ட்டி சிரிக்கவில்லை. "நாயி?" என்றார்.

கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய், பேப்பர் கட்டுகளை நகர்த்தினார். ஒரு காது உடைந்து, வெள்ளை பழுப்பேறி, பலகைமேல் நின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டர் நாய்.

"அப்ப எங்கம்மா நாய் வளக்கல" என்றார் ஆன்ட்டி. யாரிடமும் சொல்வதுபோல் இல்லை அது. நான் இந்த விசாரணையைத் தொடங்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஒரு வாரம் அவருக்கு நாய் வளர்த்த ஓர் அம்மா இருந்தார். அந்த அம்மாவையும் நான் இங்கே அழைத்து வந்து பறித்துவிட்டேன்.

ஆன்ட்டி குனிந்தார். நாயின் உச்சந்தலையில் மட்டும் பெயின்ட் அடியோடு தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. படம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கை வைத்த இடம். தன் வலது கையை அங்கே வைத்தார். எடுக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷின் யாருடைய ஆதார் கார்டையோ பிரதி எடுத்து முடித்து நின்றது.

"ஏட்டி ஜெனி" என்றார் நிமிராமல், "சும்மா பாத்துக்கிட்டு நிக்காத. வந்து இங்க கைய வை."

படம் எடுத்தது நான்தான். பின்னணியில் கோபுரம் இல்லை, தென்னை இல்லை, மேகம் இல்லை; நீல ஸ்கிரீனும் ஒரு கலர் பிரிண்டரும்தான். ஜெனியின் கையும் ஆன்ட்டியின் கையும் ஒரே இடத்தில்.

இடத்தைக் கண்டுபிடித்தோமா, இல்லையா? எனக்கு இன்னும் தெளிவில்லை. பழைய படத்தில் நாம் தேடுவது இடத்தையா, நம் ஊரையா? அப்பா இரண்டு நிலைகளை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மாமா கறுப்பு வெள்ளையில் ரோஸ் பார்த்தார். ஆன்ட்டி ஒருவர்தான், கடைசிவரை, அந்தப் பெண்ணின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவர்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது ஆன்ட்டியே மாமாவுக்கு போன் போட்டு, பஸ் சத்தத்துக்கு மேலாக விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வந்தது.

"பிளாஸ்டரா? சரி, இருக்கட்டும் எஸ்தரு. அதச் செஞ்சவன் பாத்துச் செஞ்ச நாய் எங்க ஊர் நாய்தான்!"