இருபத்திரண்டு கடையும் ஒரு ரத்தக் குழாயும்

சங்கரன்கோவில் ரத வீதியில் இருபத்திரண்டு கடைகளின் சாமி படங்களுக்குக் காலையில் பூ வந்து சேர்வது கோமதிநாயகத்தின் கையால்தான். வயது நாற்பத்து மூன்று. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். பூச்சந்தையில் சரங்களை வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டால், எந்தக் கடைக்கு ஒரு முழம், எந்தக் கடைக்கு ஒன்றரை என்பதற்குச் சீட்டு கீட்டு எதுவும் கிடையாது. எல்லாம் தலைக்குள். மம்மது டீக்கடையில் சாமி படமே இல்லை. இருந்தும் முதல் நிறுத்தம் அங்கேதான். சீனி தூக்கலாக ஒரு டீ.

ஊருக்கு அவர் மேல் உயிர். இந்த ஊரில் பாசத்தைத் தின்னக் கொடுத்துத்தான் காட்டுவார்கள். வேறு விதமாகக் காட்ட யாரும் பழகவில்லை. ஒரு கடையில் வடை, அடுத்ததில் முறுக்கு, அதற்கடுத்ததில் பால்கோவா. 'பாவம், நாம ஒருத்தர்தானே குடுக்கோம்' என்று இருபத்தோரு பேரும் தனித்தனியே நெகிழ்ந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் ஒருவர் மருந்துக் கடைச் சண்முகையா. அவர் எதையும் கொடுத்துப் பழகாதவர்.

வீட்டில் தங்கை யோகலட்சுமி வைப்பது இரண்டே இட்லி. அண்ணன் ஏன் பெருத்துக்கொண்டே போகிறார் என்று மூன்று வருஷமாக அவள் இட்லியைத்தான் சந்தேகப்பட்டாள்.

திருநெல்வேலியில் டாக்டர் ஜோஷ்வா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தன.

"டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு நாற்பது தாண்டினா மறதி நோய் வர வாய்ப்பு ரொம்ப அதிகம்மா. அது பிறவியோட வந்த பங்கு, என் கையில இல்ல. ஆனா மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாயும் கெட்டுதுன்னா, அந்த நோய்க்கு நாமளே ஆள் சேர்த்துவிட்ட மாதிரி. அதைத் தடுக்கப் பார்க்கலாம். சீனி, எண்ணெய் குறையட்டும். பழக்கத்துல மாத்தம் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

யோகலட்சுமி கடை கடையாக ஏறி, அண்ணனுக்குத் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாமென்றாள். "நானா? ஒரே ஒரு வடைதாம்மா" என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தவர் சண்முகையாதான்.

ஐந்தாம் நாள் மிட்டாய்க் கடைப் பாண்டியராஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யோகம், நாலு நாளா ஒங்கண்ணன் எனக்கு ரெண்டு தடவ பூ போடுதான். காலையில ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு. சண்முகையா கடைச் சாமி படம் மொட்டையா நிக்கி."

டாக்டர் சொன்ன மறதி வந்தேவிட்டது என்று அவளுக்குப் பட்டது. போட்ட கடைக்கே மறுபடி போடுகிறார். ஒரு கடை நினைவிலிருந்தே போய்விட்டது. அன்றைக்கே அண்ணனை பஸ் ஏற்றினாள்.

அவள் அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை டாக்டர் கேட்டார். பிறகு, அந்த வீதியில் யாருக்கும் தோன்றாத ஒரு காரியம் செய்தார். கோமதிநாயகத்திடமே கேட்டார்.

"மிட்டாய்க் கடைக்கு ஏன் ரெண்டு தடவை?"

"பத்து மணிக்குத்தான் சூடா ஜாங்கிரி போடுதான். இப்பம்லாம் சும்மா போனா தரமாட்டக்கான். பூவோட போனா பாவம்னு ஒண்ணு தாரான்."

"மருந்துக் கடை?"

"அவந்தானே போட்டுக்குடுத்தான்!"

டாக்டர் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார். யோகலட்சுமிக்கு அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"அறிவெல்லாம் கூர்மையாத்தான் இருக்கு," என்ற டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா கோமதிநாயகம், இப்படியே தின்னா குழாய் கெடும். அப்புறம் எந்தக் கடைக்கு எத்தனை முழம்னே மறந்து போகலாம்."

"கடையவா?"

"ஆமா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எந்தக் கடைக்கு எத்தனை முழம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் யோகலட்சுமி தூண் தூணாக மறைந்தபடி பின்தொடர்ந்தாள். பாண்டியராஜுக்கு மனசு கேட்கவில்லை. "வாரும்வே, நேத்து வரலயே. ஒண்ணே ஒண்ணு."

ஊருக்குப் போகிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலக் கோமதிநாயகம் ஜாங்கிரித் தட்டைப் பார்த்தார். "வேண்டாம்வே. குழாய் கெட்டுரும்." பிறகு பாண்டியராஜின் தொந்தியைப் பார்த்தார். "ஒமக்கும் நாப்பது தாண்டிட்டுல்லா? நீரும் திங்காதேயும்."

பாண்டியராஜ் வாய்க்குக் கொண்டுபோன ஜாங்கிரி அந்தரத்தில் நின்றது.

கோமதிநாயகம் கூடையைத் தூக்கிக்கொண்டு, திரும்பாமலே குரல் கொடுத்தார். "ஏட்டி யோகம், ஒளிஞ்சு நிக்காத. வீட்டுக்குப் போ. இன்னும் ஒம்பது கடை கெடக்கு."

அவள் தூணில் சாய்ந்தபடி மீதிக் கடைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுதான்.