அன்னம் போடாத ரவிக்கை

‘ட்ரெண்ட்’ என்ற சொல்லைப் போல என்னைக் காப்பாற்றிய சொல் வேறு எதுவும் இல்லை. இருபது வருஷமாகத் தேக்கா கடைத்தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில், கல்யாணப் பெண்களுக்கு உடை வடிவமைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். கேட்ட நிறத்தில் ஜரிகை நூல் கிடைக்கவில்லையா, மங்கின தங்கம்தான் இப்போது ட்ரெண்ட். கை கொஞ்சம் குட்டையாகிவிட்டதா, அதுவும் ட்ரெண்ட். ஃபோனில் ஆயிரம் படம் பார்த்துவிட்டு வருகிற பெண்கள்கூட நான் சொன்னால் நம்பிவிடுவார்கள். காரணம், பயம். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து யாராவது “இது போன வருஷத்து ஸ்டைல்லா” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் என் கடை ஓடுகிறது.

அதற்காக எனக்கு ட்ரெண்ட் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதுகில் வலைத்துணி வைத்த காலம், கயிற்றில் குஞ்சலம் தொங்கவிட்ட காலம், பெண்ணும் மாப்பிள்ளையும் பல்லக்கில் போவதை முதுகில் எம்ப்ராய்டரி போட்டுக்கொண்ட காலம் என்று எல்லாவற்றையும் தைத்துத் தள்ளியவள் நான். பல்லக்கு போட்டுக்கொண்ட பெண்கள் இன்றைக்கு அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்கூட உண்டு. இங்கே சொல்ல வந்தது அவர்களைப் பற்றியல்ல. என்னை நம்பி வந்த ஒருத்தியைப் பற்றி.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பல் கிளினிக் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்தாள். விவாகரத்துக்குப் பிறகு தோ பாயோவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பொங்கோலில் இருக்கும் ஒருவரோடு அவளுக்கு மறுமணம் நிச்சயமாகியிருந்தது. அவள் கடைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவளுடைய அண்ணி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“சிஸ்டர், எங்க நாத்தனாருக்குக் கல்யாணம். ரெண்டாவதுலா. கோயில்ல சிம்பிளா வைக்கிறோம். அவ ரொம்ப கிராண்டா கேப்பா, நீங்க சரின்னுடாதீங்க. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க? நான் சொன்னா தப்பாயிடும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.”

“கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அண்ணி என் பழைய வாடிக்கையாளர். அவருக்கு மூன்று பெண்கள், ஊர்ப்பட்ட சொந்தம். அவர் கைகாட்டினால் பத்துப் பேர் என் மாடிப்படி ஏறுவார்கள். அவர் முகம் சுளித்தால் பத்துப் பேரும் எதிர்க்கடைக்குப் போவார்கள். இதற்கெல்லாம் யோசிக்கத் தேவையில்லை, பழகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணி சோபாவில் உட்கார்ந்து என் ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்தார். நான் அவளைத் திரைக்கு உள்ளே கூட்டிப்போய் அளவெடுத்தேன். திரைக்குள் வந்தால் பெண்கள் பேசிவிடுவார்கள். டேப்பைச் சுற்றிக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் நிற்பவளிடம் எதை மறைப்பது என்று நினைப்பார்களோ என்னவோ. அவளும் மெல்லிய குரலில் சொன்னாள். முதல் கல்யாணத்தில், ரிஜிஸ்டர் செய்தால்தான் அரசாங்க வீட்டுச் சாவி கிடைக்கும் என்பதால் முதலில் அதை மட்டும் செய்துகொண்டார்கள். தாலி, சடங்கு எல்லாம் ஆறு மாதம் கழித்து என்று பேச்சு. அதற்குள் மாமனார் இறந்துவிட்டார், ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாது என்றார்கள். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. கோயிலும் இல்லை, கூறைப்புடவையும் இல்லை. ரிஜிஸ்டர் அன்றைக்குத் தோழியின் புடவையை இரவல் வாங்கி, ஆபீசுக்குப் போடுகிற ரவிக்கையோடு போய் நின்றாளாம்.

“நான் ஒரு நாளுகூட கல்யாணப் பொண்ணா இருந்ததில்லக்கா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அரக்கு நிறத்தில் பட்டு ரவிக்கை, முழங்கை வரை கை, கை முழுக்க ஜர்தோசி ஜரிகை வேலை, முதுகில் எதிரும் புதிருமாக இரண்டு அன்னம். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய படம். ஃபோன் மாற்றும்போதெல்லாம் இதையும் சேர்த்து மாற்றி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்த கூறைப்புடவையும் அரக்கு என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். “இதையே போட்டுத் தர முடியுமாக்கா?”

முடியும். அந்த வேலைக்கு என்னிடம் ஆள் இருந்தது, நாளும் இருந்தது. அவள் தோளுக்கு அந்த அன்னம் எவ்வளவு நன்றாக உட்காரும் என்று டேப்பைப் பிடித்திருந்த என் கைக்கே தெரிந்தது.

வெளியே வந்தோம். அண்ணி ஆல்பத்திலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆரம்பித்தேன்.

“இதெல்லாம் இப்ப யாரும் போடறதில்லம்மா. கனமான வேலை அவுட் ஆகி ரொம்ப நாளாச்சு. இப்ப மினிமல்தான் ட்ரெண்ட். பிளெயின் பட்டு, ஓரத்துல மெலிசா ஒரு தங்கப் பைப்பிங். அவ்ளோதான். வடக்கே பெரிய பெரிய வீட்டுப் பொண்ணுங்கள்லாம் இப்படித்தான் கட்டிக்கிறாங்க.” ஐபேடில் நாலு படம் காட்டினேன். நாலுமே துணிக்கடை விளம்பரங்கள். அந்த மாதம் என் கடையில் தைத்துக்கொண்டிருந்த ஒன்பது ரவிக்கையும் கழுத்திலிருந்து கை வரை ஜர்தோசி அடைத்தவை என்பதை நான் சொல்லவில்லை.

அவள் படங்களை ரொம்ப நேரம் பார்த்தாள். “கையோரத்துல மட்டும் சின்னதா ரெண்டு அன்னம் போடலாமாக்கா? சும்மா, ஒரு ஆசைக்கு.”

“வேணாம்மா. மொத்த லுக்கும் கெட்டுடும்.”

அண்ணி “அவங்களுக்குத் தெரியாததா, கேட்டுக்க” என்றார். அவள் தலையாட்டினாள். ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணி அதே சோபாவில் உட்கார்ந்து, அந்தக் கல்யாணத்துக்குத் தனக்கு ஒரு ரவிக்கை சொல்லிவிட்டுப் போனார். மெரூன் பட்டு, முழுக்கக் கல்வேலை. அதற்கு நான் மினிமல் பேசவில்லை.

காத்தோங் பக்கம் கோயிலில் கல்யாணம். அவள் என்னை அழைத்திருந்தாள், வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்து அழைத்தாள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ரவிக்கை தையலில் ஒரு குறை சொல்ல முடியாது, அளவு அப்படியே உட்கார்ந்திருந்தது. அவள் மண்டப வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மாலை மாற்ற இன்னும் நேரம் இருந்தது, கழுத்தில் பூகூட இல்லை. அண்ணி உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பும் பக்கமெல்லாம் கல் மின்னியது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் கழுத்தை நீட்டி நாலா பக்கமும் பார்த்துவிட்டு, “பொண்ணு இன்னும் ரெடியாகலயா?” என்று கேட்டார். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். மணப்பெண் எங்களிடமிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, தன் கையோரத்தை, அந்தத் தங்கப் பைப்பிங்கை, விரலால் ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு அடுத்து வந்தவரைக் கும்பிட்டாள்.

தாலி கட்டியதும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரு தையல்காரி என்னத்தைப் பெரிதாகக் கெடுத்துவிட முடியும், ஒரு துணிதானே என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அண்ணி சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், வேறு கடைக்காவது போயிருப்பாள். நான் அதை ட்ரெண்ட் என்று மடித்துக் கொடுத்தேன். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அம்மா, பெண், கூடவே அத்தையாக அவளும் மாடியேறி வந்தார்கள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் நன்றாக இருந்தது. “நல்லா இருக்கீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டு ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் நேராக விஷயத்துக்கு வந்தாள். ஃபோனில் இருந்த படத்தை என் முன்னால் நீட்டினாள். காத்தோங் கோயில் வாசலில் கும்பிட்டபடி நிற்கும் அவளுடைய அத்தை.

“ஆன்ட்டி, எக்ஸாக்ட்லி அத்தையோட ப்ளவுஸ் மாதிரி வேணும். பிளெயின். ஸோ கிளாஸி.”

“வெளயாடுறியா?” என்றார் அண்ணி. “கல்யாணப் பொண்ணு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க வேணாமா? அது வேற, இது வேற. சிஸ்டர், நீங்களே சொல்லுங்க இவளுக்கு.”

சொல்வதற்கு என்னிடம் உண்மையே இருந்தது. அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டது இந்த இரண்டு வருஷத்தில் நிஜமாகிவிட்டிருந்தது. அந்த மாதம் வந்த பெண்களில் பாதிப் பேர் பிளெயின் பட்டுதான் கேட்டார்கள். ‘ஆமாம், மினிமல்தான் ட்ரெண்ட்’ என்று சொல்லியிருந்தால் பொய்யில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஆமாக்கா, சொல்லுங்க. எது ட்ரெண்டுன்னு உங்களுக்குத்தானே தெரியும்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கட்டிக்கொடுக்க இன்னும் இரண்டு பெண்கள் பாக்கி.

“இப்ப ஹெவி வொர்க் திரும்ப வந்துடுச்சும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம். “பிளெயின்லாம் போன வருஷத்தோட போச்சு. கை முழுக்க ஜர்தோசி, முதுகுல ரெண்டு அன்னம் வச்சா ரொம்ப எடுப்பா இருக்கும்.”

அன்னம் என்ற வார்த்தை ஏன் என் வாயில் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

“அப்படிச் சொல்லுங்க” என்றார் அண்ணி. பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஜன்னலோரம் இருந்தவள் மெதுவாக எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“நெனச்சேன்க்கா” என்றாள் என்னைப் பார்த்து. “அன்னிக்கே நெனச்சேன்.” பிறகு அண்ணியிடம், “நான் கீழ நிக்கிறேன் அண்ணி, நீங்க முடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் அந்தப் பெண்ணைத் திரைக்கு உள்ளே கூட்டிப்போய்க் கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கை வரை அளவெடுத்தேன்.