யாரும் கிள்ளாத கால்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பிராணிகள் கிளினிக்கில் அவரைப் பார்த்தேன். என் பூனைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். அவர் பண்டமாரான் ஊர்க்காரர், கொண்டெய்னர் லோரி ஓட்டுபவர். தடித்த கழுத்து, கிரீஸ் படிந்த பூட்ஸ். மடியில், முதுகு முறிந்து சில வாரங்களான ஒரு கறுப்பு நாய். அடிக்கடி அதன் பின்னங்கால் விரலைக் கிள்ளுவார். கால் வெடுக்கென்று உதைக்கும். உடனே வழக்கில் ஜெயித்தவர்போல எங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

இளம் டாக்டர் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அங்கிள், இது குணமாகுற அடையாளம் இல்ல. மூளையிலேர்ந்து செரோட்டோனின்னு ஒரு ரசாயனம் இறங்கி வந்தாத்தான் முதுகுத்தண்டுல அதை வாங்குற ரிசெப்டர் வேலை செய்யும். இப்ப அந்த வழி அறுந்துபோச்சு. ரிசெப்டர் தானாவே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. அதான் இப்படி உதைக்குது. நீங்க கிள்ளுறதே நாய்க்குத் தெரியாது. கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிடலாம்.”

அவர் மறுபடி கிள்ளினார். கால் உதைத்தது.

“மேலேர்ந்து ஒண்ணும் வரல, ஆனா கீழ வேலை நிக்கல. அப்படித்தானே டாக்டர்?”

“ஆமா, ஆனா...”

“எங்க லோரி யார்டுலயும் பாதி நாள் அப்படித்தான் லா ஓடுது. அதுக்காக எங்களுக்கு ஊசியா போட்டாங்க?”

நாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். வாசலைத் தாண்டும்போது, யாரும் கிள்ளாமலேயே அந்தக் கால் கண்ணாடிக் கதவை ஓங்கி உதைத்தது.

டாக்டர் சொன்னதுதான் சரி. அந்த உதையும் ரிசெப்டர் வேலைதான். இருந்தாலும், என்னை யார் கேட்டாலும் நான் அந்தக் காலின் பக்கம்.