திரும்பி வந்த வழிச்செலவு

கனடாவில் வெக்ரவில் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் டோரீன் லெசிக். அவளும் நானும் ஒரே பணிமனையில் வேலை பார்க்கிறோம். வண்டிகளை வழிக்கு அனுப்புவது என் வேலை. கிழக்குப் பண்ணைகளின் வழியில் டோரீன் பல வருடங்களாக ஓட்டுகிறாள். பனிக்காலத்தில் அவள் வண்டி ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை.

எங்கள் நிர்வாகம் ஒவ்வொருவர் பெயரிலும் வருடத்துக்கு ஒரு தொகையை மருத்துவச் செலவுக் கணக்கில் போடும். காப்பீடு கொடுக்காததை அதில் வாங்கிக்கொள்ளலாம். எது செல்லும், எது செல்லாது என்பதுதான் காலைக் காப்பி நேரத்தில் எங்கள் ஓயாத வழக்கு. முதுகுவலி என்று சொல்லி இன்னொரு ஓட்டுநர் மர்ரி கொல்லைப்புறத்தில் வெந்நீர்த் தொட்டி வாங்கிப் போட்டு, ரசீதை அனுப்பிவைத்தான். போன வேகத்தில் திரும்பி வந்தது.

"டாக்டரே நல்லதுன்னு சொன்னாருப்பா," என்று புலம்பினான்.

"டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு ரோட்டையே வெலைக்கு வாங்குவியா?" என்றாள் டோரீன். அப்போது அவளுக்கு வாய் அப்படி இருந்தது.

அவள் புருஷன் வால்ட் பற்றவைப்பு வேலைக்காரன். தொண்டை கரகரப்பு போகவில்லை என்று போனவனுக்குக் குரல்வளையில் புற்று என்றார்கள். எட்மன்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, டோரீன் கேட்ட முதல் கேள்வி, "பேசறதுக்கு ஒரு கருவி வருமே, அதைக் கணக்குல வாங்க உங்க சீட்டு வேணுமா?" என்பதுதான். டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தாராம். "வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல," என்றாள் என்னிடம். வெளியே வெயிலா பனியா என்று சொல்வது போலச் சொன்னாள்.

அறுவைக்குப் பிறகு வால்ட் பலகையில் எழுதித்தான் பேசினான். ரசீதுகளை அவள் உறையில் போடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் எழுதிக் காட்டினான்: "எனக்குப் புத்து, உனக்கு ரசீதுப் பைத்தியம்." அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பீட்ரூட் சூப்பைக் கூழாக அரைத்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

கழுத்தில் அழுத்திப் பேசும் அந்தக் கருவி வந்தது. வால்ட் அதை வைத்துப் பேசிய முதல் பேச்சு, "என்னடி, காது கேக்குதா?" என்பது. தகரக் குரல். வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. வால்ட் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். "கேக்குது," என்றாள் டோரீன்.

குளிர் உச்சத்தில் இருந்த மாதத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. அவளே தங்கள் வண்டியில் ஏற்றி எட்மன்டனுக்குக் கொண்டுபோனாள். அந்த வாரக் கடைசியில் அங்கேயே இறந்துபோனான். உடலைச் சவ அடக்க நிறுவனத்தார் எடுத்துவந்தார்கள். டோரீன் தன் வண்டியில் தனியாகத் திரும்பினாள். எந்த ஊரைத் தாண்டினோம், எங்கே பெட்ரோல் போட்டோம் என்று எதுவும் அவளுக்கு நினைவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது, அதனால் ஓட்டி வந்திருக்க வேண்டும் என்றாள்.

சவ அடக்கத்துக்கு மறு வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். அந்த வருட மருத்துவக் கணக்குக்கு ரசீது அனுப்பும் கெடு நெருங்கியது. என் மேஜையில் உட்கார்ந்து, என் தொலைபேசியில்தான் கோரிக்கை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கையில் எழுத வேண்டியிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். எடுத்தவள் ஜனெல் என்ற இளம் பெண். வேலைக்குப் புதிது போலும், ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பேசற கருவி செல்லுங்க. கழுத்துத் துவாரத்துக்குப் போடற வடிகட்டி, அதுவும் செல்லும். மிக்ஸி..." கொஞ்சம் தயங்கினாள். "அது செல்லாதுங்க. சமையல் சாமான்ல வருது."

"அவரால மெல்ல முடியாதும்மா."

"புரியுதுங்க. ஆனா எல்லா வீட்லயும் இருக்கற பொருள்னு போட்டிருக்கு."

"சரி, அடிச்சிடு."

"தலையணையும் செல்லாதுங்க. அடுத்தது ஆஸ்பத்திரிப் பயணம். உள்ளூர்ல அந்த வைத்தியம் இல்லாததால போனதுக்குச் செல்லும். நோயாளிக்கும் கூடப் போறவங்களுக்கும் உண்டு." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "கடைசிப் பயணத்துல... திரும்பி வந்தப்ப நோயாளி வண்டியில இருந்தாரா?"

"இல்ல."

"அங்கயே தங்கிட்டாரா?"

"இறந்துட்டாரு."

டோரீன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள், "அப்ப பாதின்னு போட்டுக்கம்மா. போனது மட்டும்."

மறுபுறம் விசும்பல் கேட்டது. "மன்னிச்சுக்கங்க, நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது..."

"அழாதம்மா. அந்தக் கேள்வி அங்க எழுதியிருக்குது, நீ கேட்ட. உன் மேல என்ன தப்பு? தண்ணி குடி. நான் இங்கதான் இருக்கேன்." பள்ளிப் பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் பேசும் அதே குரல். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பனி வாரும் வண்டி ஒன்று சும்மா நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தபோது அவள் உறையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனெல் மேலதிகாரியிடம் கேட்டாளாம். கூடப் போனவர் வீடு திரும்பும் செலவும் செல்லும் என்று மறுநாள் கூப்பிட்டுச் சொன்னாள். "நல்லதும்மா," என்றாள் டோரீன். வைத்துவிட்டு, "தனியா வந்ததும் செல்லுமாம்," என்று என்னிடம் சொன்னாள்.

பனி உருகிச் சாலையெல்லாம் சேறான பிறகு ஒரு நாள், வழிப்பலகை கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது என்றாள். புது வருடத் தொகை அப்படியே கிடக்கிறது, போய்க் கண்ணைக் காட்டு என்று மர்ரி விரட்டினான். நான்தான் கூடப் போனேன்.

கண் டாக்டர் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரமில்லம்மா. நிதானமாப் பாருங்க."

அவள் நிதானமாகப் பார்த்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசி வரியில் ஒன்றிரண்டு தப்பு. வெளியே வந்து கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுக்கும்போது, எது வேண்டும் என்று என்னைக் கேட்டாள். பழுப்பு நிறத்தைக் காட்டினேன். அதையே எடுத்துக்கொண்டாள். கடைக்காரப் பெண் ரசீதை நீட்டினாள். டோரீன் அதை மடிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, "நீயே அனுப்பிடு," என்றாள். பிறகு நாங்கள் இருவரும் உருளைக்கிழங்கு வைத்த பெரோஹிக் கொழுக்கட்டை ஆளுக்கொரு தட்டு சாப்பிட்டோம். அவள் தட்டில் பாதி மிஞ்சியது. மாலை வண்டியை நேரத்துக்கு எடுத்தாள்.